ஆங்கில வாக்கியங்களில் உணர்ச்சியைக் காட்டும் வியப்பிடைச்சொற்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆங்கிலம் கற்பவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும்போது, வினைச்சொல்லின் காலங்களைப் பற்றி எழும் கேள்விகளுக்கு எந்த இலக்கண நூலிலும் விடை கிடைத்துவிடுகிறது. ‘வாவ்’, ‘ஊப்ஸ்’, ‘அலாஸ்’ போன்ற சொற்களுக்கோ பெரும்பாலான நூல்கள் ஒரு பக்கம்கூட ஒதுக்குவதில்லை. அதனால் ஒரே ஐயங்களை வெவ்வேறு மாணவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். அவர்கள் கேட்ட விதத்திலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். எளிய கேள்விகள் முதலிலும், சற்றுச் சிக்கலானவை பின்னாலும் வருகின்றன.

வியப்பிடைச்சொல் என்றால் என்ன? வியப்பைக் காட்டும் சொல் மட்டும்தானா?

இல்லை. வலி, மகிழ்ச்சி, அருவருப்பு, நிம்மதி, துயரம், தயக்கம் என எந்த உணர்வையும் சட்டென்று வெளிப்படுத்தும் சொல்லை ஆங்கிலத்தில் ‘இன்டர்ஜெக்ஷன்’ என்கிறார்கள். வியப்பு அவற்றுள் ஒன்று, அவ்வளவே. மெரியம்-வெப்ஸ்டர் அகராதி இவற்றை ‘இன்டர்ஜெக்ஷன்’ என்று குறிக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டின் கற்போர் அகராதி ‘எக்ஸ்க்ளமேஷன்’ என்று குறிக்கிறது. இரண்டும் ஒரே வகையைத்தான் சுட்டுகின்றன.

இச்சொற்களை அடையாளம் காண ஒரு சோதனை உண்டு. “ஊப்ஸ், ஐ ட்ராப்ட் த கீஸ்” என்ற வாக்கியத்தில் முதல் சொல்லை எடுத்துவிட்டாலும் மீதி வாக்கியம் குறையின்றி நிற்கிறது. எழுவாய், பயனிலை, செயப்படுபொருள் ஆகிய எதனோடும் அந்தச் சொல்லுக்கு இலக்கண உறவு இல்லை. அதே சமயம், வேறெந்தச் சொல்லும் இல்லாமல் “அவுச்!” என்று தனியாகவும் அது நிற்கும்.

இது வெறும் சத்தம்தானே? இதைப் போய் எட்டு சொல்வகைகளில் ஒன்றாக ஏன் சேர்த்தார்கள்?

பழைய கிரேக்க இலக்கணத்தில் எட்டு சொல்வகைகள் இருந்தன; அவற்றில் வியப்பிடைச்சொல்லுக்குத் தனி இடம் கிடையாது. ‘ஆர்ட்டிக்கிள்’ (ஆங்கிலத்தின் ‘எ’, ‘த’ போன்ற சொல்) என்ற வகைக்கு அங்கே இடம் இருந்தது. லத்தீனில் ஆர்ட்டிக்கிள் இல்லை. ரோமானிய இலக்கண ஆசிரியர்கள் அதை விட்டுவிட்டு, வியப்பிடைச்சொல்லைத் தனி வகையாக்கி எட்டு என்ற எண்ணிக்கையைக் காத்தார்கள். 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த டொனாட்டஸின் இலக்கணத்தில் இந்த வரிசையைக் காணலாம். ஆங்கில இலக்கணம் லத்தீன் வழியில் வளர்ந்ததால் இந்த வகையும் கூடவே வந்தது.

வெறும் சத்தம் என்பதையும் என்னால் ஏற்க முடியவில்லை. கை சுட்டதும் எழும் அலறல் சத்தம்தான். ஆனால் ‘அவுச்’ என்பது கற்றுக்கொண்ட சொல். அதே வலிக்கு ஜெர்மன் பேசுபவர் ‘அவுவா’ என்கிறார். தமிழர் ‘ஆ’ என்றோ ‘அம்மா’ என்றோ சொல்கிறார். மொழிக்கு மொழி மாறுவதாலேயே இவற்றை முறையாகக் கற்க வேண்டியிருக்கிறது.

எந்த உணர்ச்சிக்கு எந்தச் சொல் என்று ஒரு பட்டியல் கொடுத்தால் போதாதா?

தொடக்கத்திற்கு உதவும் என்பதால் சொல்லிவிடுகிறேன். மகிழ்ச்சிக்கு ‘யேய்’, ‘ஹூரே’; பாராட்டுக்கு ‘வாவ்’, ‘பிராவோ’; வலிக்கு ‘அவுச்’, ‘அவ்’; ஆபத்து நீங்கிய நிம்மதிக்கு ‘ஃப்யூ’; பரிவுக்கு ‘ஓ டியர்’; திடுக்கிடலுக்கு ‘யைக்ஸ்’; திடீரென்று ஒன்று புரிந்துவிட்டால் ‘அஹா’. அருவருப்பில் மட்டும் சிறிய வேறுபாடு ஒன்றைக் கவனிக்க வேண்டும். ‘யக்’ பெரும்பாலும் சுவையையோ அழுக்கையோ கண்டு சொல்வது. ‘அக்’ என்பதில் சலிப்பும் கலந்திருக்கும், மூன்றாவது முறையாக அதே படிவத்தை நிரப்பச் சொன்னால் “அக், நாட் அகெய்ன்!” என்பார்கள், “யக்” என்று சொல்ல மாட்டார்கள்.

பட்டியலால் தீராதது எங்கே இருக்கிறதென்றால், ஒவ்வொரு சொல்லும் உணர்ச்சியோடு சேர்த்து ஒரு சூழலையும் சுமக்கிறது: தவறு யாருடையது, அது எவ்வளவு பெரியது, எதிரில் இருப்பவர் யார். அவற்றைப் பட்டியலில் அடக்க முடியாது. அடுத்த கேள்வியில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம்.

‘ஊப்ஸ்’, ‘அவுச்’, ‘அ-ஓ’ மூன்றும் ஏதாவது தவறு நடந்தால் சொல்வதுதானே? எதைச் சொன்னால் என்ன?

மேசையின் ஓரத்தில் ஒரு கண்ணாடிக் கோப்பை இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் முழங்கை பட்டு அது ஆடத் தொடங்குகிறது. விழப்போகிறது என்று தெரிகிறது. அந்தக் கணத்தில் வருவது ‘அ-ஓ’. தொல்லை இனிமேல்தான் வரப்போகிறது என்பதற்கான சொல் அது. கோப்பை விழுந்து உடைகிறது. இப்போது ‘ஊப்ஸ்’: சிறு தவறு நடந்துவிட்டது, நான்தான் காரணம் என்ற ஒப்புதல். குனிந்து சில்லுகளைப் பொறுக்கும்போது விரலில் ஒன்று கீறுகிறது. இப்போதுதான் ‘அவுச்’. ஒரே நிகழ்வின் மூன்று கட்டங்களுக்கும் மூன்று சொற்கள்; இடம் மாற்றிச் சொன்னால் கேட்பவருக்குக் குழப்பமே மிஞ்சும்.

‘ஊப்ஸ்’ பற்றி ஓர் எச்சரிக்கையும் தேவை. அது சிறிய தவறுகளுக்கு மட்டுமே உரியது. உங்களால் ஒருவருக்குக் காயமோ பெரிய இழப்போ ஏற்பட்டிருக்கும்போது ‘ஊப்ஸ்’ என்றால், அந்தத் துன்பத்தை நீங்கள் விளையாட்டாக எடுத்துக்கொண்டதாக அவர் நினைப்பார். “ஓ நோ! ஐ ஆம் ஸோ ஸாரி” என்பதே அங்கே பொருந்தும்.

எதற்கெடுத்தாலும் ‘ஓ’ என்கிறார்களே, அதற்கு என்னதான் பொருள்?

ஆங்கில உரையாடலில் மிக அதிகமாக உழைக்கும் வியப்பிடைச்சொல் இதுதான். சமூகவியலாளர் ஜான் ஹெரிட்டேஜ் 1984இல் வெளியிட்ட ஆய்வில், ‘ஓ’ என்பது பேசுபவரின் அறிவுநிலையில் மாற்றம் நேர்ந்ததைக் காட்டும் குறி என்று விளக்கினார். இதுவரை தெரியாதது இப்போது தெரிந்தது, மறந்தது நினைவுக்கு வந்தது, தவறாக எண்ணியது திருத்தப்பட்டது ஆகிய எல்லாவற்றிலும் பொதுவாக இருப்பது அந்த மாற்றமே. இதைப் பிடித்துக்கொண்டால், ‘ஓ’வுக்கு அகராதி தரும் பல பொருள்களைத் தனித்தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

எந்த உணர்ச்சி என்பதைத் தீர்மானிப்பது குரல். ஏறி இறங்கும் ‘ஓ’ மகிழ்ச்சி கலந்த வியப்பு, தாழ்ந்து இறங்கும் ‘ஓ’ ஏமாற்றம், கேள்வி போல மேலே போகும் ‘ஓ’, “அப்படியா?” என்பதற்கு ஈடு. எழுத்தில் குரல் இல்லை. ஆகவே பின்னால் வரும் வாக்கியம் அந்த வேலையைச் செய்ய வேண்டும். நண்பர் ஒருவர் “ஐ காட் த ஜாப்” என்று செய்தி அனுப்பினால், வெறும் “ஓ” என்று பதில் எழுதாதீர்கள். அவருடைய வெற்றி உங்களுக்குப் பிடிக்கவில்லையோ என்ற எண்ணத்தை அது எழுப்பும். “ஓ, தட்ஸ் வொண்டர்ஃபுல்!” என்று முழுமையாக எழுதுங்கள்.

‘ஓ’ வேறு சொற்களோடு இணைந்து நிலைத்த தொடர்களும் உண்டு. ‘ஓ நோ’ அதிர்ச்சி; ‘ஓ டியர்’ பரிவோ கவலையோ; ‘ஓ வெல்’ என்றால், என்ன செய்வது, போகட்டும் என்ற மனநிலை. இவற்றின் நடுவே பெரும்பாலும் காற்புள்ளி வராது. “ஓ வெல்” என்பதையும் “ஓ, வெல் டன்!” என்பதையும் ஒப்பிட்டுப் பாருங்கள். முதலாவது ஏமாற்றத்தை ஏற்றுக்கொள்கிறது. இரண்டாவது மனமாரப் பாராட்டுகிறது.

சில இடங்களில் ‘ஓ’வை ஒற்றை எழுத்தாகவும், சில இடங்களில் ‘ஹெச்’ சேர்த்து இரண்டு எழுத்தாகவும் எழுதுகிறார்களே, ஏன்?

ஒற்றை எழுத்து ‘ஓ’ விளிப்பதற்கு உரியது. கடவுளையோ, காற்றையோ, மரணத்தையோ முன்னிலைப்படுத்தி அழைக்கும் வழிபாட்டிலும் பழைய கவிதையிலும் அது வரும். எப்போதும் பெரிய எழுத்தில் இருக்கும்; அதையடுத்துக் காற்புள்ளி போடும் வழக்கம் இல்லை. நாம் அன்றாடம் எழுதுவது இரண்டெழுத்து ‘ஓ’. அது வாக்கியத்தின் தொடக்கத்தில் மட்டுமே பெரிய எழுத்தைப் பெறும்; பெரும்பாலும் காற்புள்ளியோ உணர்ச்சிக்குறியோ பின்தொடரும்.

காற்புள்ளி போடுவதா, உணர்ச்சிக்குறி போடுவதா?

உணர்ச்சி எவ்வளவு வலியது என்பதே அளவுகோல். மெல்லிய உணர்வுக்குக் காற்புள்ளி போதும்: “வெல், ஐ ஆம் நாட் ஷ்யூர்.” உணர்ச்சி பொங்கி வந்தால், சொல்லுக்குப் பின்னாலேயே உணர்ச்சிக்குறி போட்டு, அடுத்த சொல்லைப் பெரிய எழுத்தில் தொடங்கலாம்: “ஹூரே! வி வன்.” உணர்ச்சி முழு வாக்கியத்திலும் பரவியிருந்தால் முன்னால் காற்புள்ளியும் இறுதியில் உணர்ச்சிக்குறியும் போடலாம்: “ஹூரே, வி வன்!” மூன்றும் சரியான வடிவங்களே.

வாக்கியத்தின் நடுவில் வந்தால் இருபுறமும் காற்புள்ளி வேண்டும்: “த லைப்ரரி, அலாஸ், வாஸ் க்ளோஸ்ட்.” ஒன்றுக்கு மூன்றாக உணர்ச்சிக்குறிகளை அடுக்குவது நெருங்கியவர்களுக்கு அனுப்பும் குறுஞ்செய்தியோடு நிற்கட்டும். ஒரு பத்தியில் ஐந்து இடங்களில் உணர்ச்சிக்குறி இருந்தால், எந்த இடத்தில் எழுதியவர் உண்மையிலேயே நெகிழ்ந்தார் என்று படிப்பவருக்குத் தெரியாமல் போய்விடும்.

“வாட் எ பியூட்டிஃபுல் கார்டன்!” என்பதில் ‘வாட்’ வியப்பிடைச்சொல்தானே?

இல்லை. முதல் விடையில் சொன்ன சோதனையைச் செய்து பாருங்கள். ‘வாட்’ என்பதை எடுத்துவிட்டால் அந்த அமைப்பே கலைந்துவிடுகிறது. இது உணர்ச்சி வாக்கியம், “வாவ்! வாட் எ பியூட்டிஃபுல் கார்டன்!” என்றால்தான் வியப்பிடைச்சொல்லும் உணர்ச்சி வாக்கியமும் அடுத்தடுத்து நிற்கின்றன.

உணர்ச்சி வாக்கியத்தில் தவறு நேரும் இடங்கள் இரண்டு. ‘வாட்’டுக்குப் பின் பெயர்ச்சொல் தொடர் வரும்; ‘ஹவ்’வுக்குப் பின் பெயரடையோ வினையடையோ வரும். “ஹவ் பியூட்டிஃபுல் த கார்டன் இஸ்!” என்பதில் எழுவாய் முன்னாலும் வினை பின்னாலும் நிற்கின்றன, இடம் மாற்றி “இஸ் த கார்டன்” என்று எழுதினால் இன்றைய வழக்கில் அது கேள்வியாகிவிடும். அடுத்து, எண்ண முடியாத பெயர்களுக்கு ‘எ’ வராது. “வாட் லவ்லி வெதர்!” என்பதே சரி.

அழகான காட்சியைப் பார்த்து ‘ஆகா’ என்கிறோம். ஆங்கிலத்திலும் ‘அஹா’ இருக்கிறதே, அப்படியே சொல்லலாமா?

கூடாது. ஒலி ஒத்திருப்பதாலேயே பலர் இங்கே தடுமாறுகிறார்கள். தமிழ் ‘ஆகா’ ரசனையைக் காட்டுகிறது. ஆங்கில ‘அஹா’ கண்டுபிடிப்பைக் காட்டுகிறது. காணாமற்போன சாவியைக் கண்டுபிடித்தவர், கணக்கின் விடை பிடிபட்டவர், ஒருவருடைய குட்டை உடைத்தவர் ஆகியோர் “அஹா!” என்பார்கள். மலை உச்சியில் நின்று விடியலைப் பார்ப்பவர் “வாவ்” என்றோ நீட்டி “ஆ” என்றோ சொல்வார். அங்கே “அஹா!” என்றால், உடன் நிற்பவர் நீங்கள் எதையோ கண்டுபிடித்துவிட்டதாக எண்ணித் திரும்பிப் பார்ப்பார்.

‘ஹே’ என்பதும் இப்படித்தான். கவனத்தை ஈர்க்கப் பயன்படுகிறது என்பது உண்மை. ஆயினும் அது நெருங்கியவர்களுக்கு உரியது. அறிமுகமில்லாத பெரியவரை அழைக்க “எக்ஸ்க்யூஸ் மி” இருக்கிறது.

அவசரத்தில் ‘ஐயோ’ என்றுதான் வாயில் வருகிறது. ஆங்கிலம் பேசும்போது அதைச் சொன்னால் தவறா?

தவறு என்று சொல்ல மாட்டேன். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியே 2016இல் ‘ஐயோ’வைச் சேர்த்துக்கொண்டது. தென்னாசியாவிலும் சிங்கப்பூர், மலேசியா போன்ற இடங்களிலும் ஆங்கிலம் பேசுபவர்களிடையே அது இயல்பாகப் புழங்குகிறது. வேறு நாட்டவரிடம் பேசும்போது உங்கள் குரலே வருத்தத்தை உணர்த்திவிடும். தேர்விலும் அலுவலக எழுத்திலும் மட்டும் ‘ஓ நோ’, ‘ஓ டியர்’ என்பவற்றைப் பயன்படுத்துங்கள். திடுக்கிடும் நேரத்தில் தாய்மொழிச் சொல் முந்திக்கொள்வது எல்லா மொழியினருக்கும் நடப்பதுதான். அதற்காகக் கூச வேண்டியதில்லை.

பாடநூலில் ‘அலாஸ்’, ‘ஹுரா’ என்றே இருக்கிறது. ஆனால் யாரும் அப்படிப் பேசிக் கேட்டதில்லையே?

சரியாகக் கவனித்திருக்கிறீர்கள். ‘அலாஸ்’ இன்று துயரத்தில் கதறுபவரின் வாயில் வருவதில்லை. மேலே நூலகம் மூடியிருந்த வாக்கியத்தில் கண்டது போல, எழுத்தில் ‘வருத்தத்திற்குரிய வகையில்’ என்ற மென்மையான பொருளில் அது வாழ்கிறது. ஒருவரின் மறைவுச் செய்தியைக் கேட்டு “அலாஸ்!” என்றால் மேடை நாடக வசனம் போல ஒலிக்கும், “ஓ நோ. ஐ ஆம் ஸோ ஸாரி டு ஹியர் தட்” என்பதே மனிதர் மனிதரிடம் பேசும் ஆங்கிலம். ‘ஹுரா’வுக்குப் பதில் ‘ஹூரே’யும் ‘யேய்’யும் வழக்கில் இருக்கின்றன. பழைய கதைகளைப் படிக்கும்போது பொருள் புரிய வேண்டும் என்பதற்காக இரண்டையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

நேர்கூற்றை அயற்கூற்றாக மாற்றும்போது இந்தச் சொல்லை என்ன செய்வது?

சொல்லை நீக்க வேண்டும். அது காட்டிய உணர்ச்சியை நீக்கக் கூடாது. அந்த உணர்ச்சி இப்போது வினைச்சொல்லுக்குள் குடியேற வேண்டும். “ஹுரா! வி ஹேவ் வன்” என்பது “தே எக்ஸ்க்ளெய்ம்ட் வித் ஜாய் தட் தே ஹேட் வன்” என்றாகும். ‘அலாஸ்’ இருந்தால் ‘வித் ஸாரோ’. ‘பிராவோ’ இருந்தால் ‘அப்ளாடட்’ என்ற வினை. முன்பு பார்த்த தோட்ட வாக்கியம் “ஷி எக்ஸ்க்ளெய்ம்ட் தட் இட் வாஸ் எ வெரி பியூட்டிஃபுல் கார்டன்” என்று மாறும். உணர்ச்சிக்குறி நின்ற இடத்தில் முற்றுப்புள்ளி வரும்.

தேர்வுக்கு இது போதும். கதை எழுதுபவர்கள் இதோடு நிற்க வேண்டாம். ‘எக்ஸ்க்ளெய்ம்ட் வித் ஸாரோ’ என்பதைவிட ‘ஸைட்’, ‘க்ரோன்ட்’, ‘காஸ்ப்ட்’ போன்ற வினைகள் ஒரே சொல்லில் பெருமூச்சையும் முனகலையும் திணறலையும் காட்டிவிடுகின்றன.

‘ஓ மை காட்’ என்று சொல்லலாமா? சிலர் முகம் சுளிக்கிறார்களே?

கடவுளின் பெயரை வீணாக எடுப்பது சமய நம்பிக்கை உள்ளவர்களில் பலருக்கு வருத்தம் தரும். அந்தத் தயக்கத்திலிருந்தே ஆங்கிலத்தில் மாற்றுச்சொற்கள் பிறந்தன: ‘காட்’ என்பதற்கு ‘காஷ்’, ‘குட்னஸ்’; ‘ஜீஸஸ்’ என்பதற்கு ‘ஜீ’; ‘ஹெல்’ என்பதற்கு ‘ஹெக்’; ‘டாம்’ என்பதற்கு ‘டார்ன்’. எதிரில் இருப்பவரின் மனப்போக்கு தெரியாதபோது “ஓ மை குட்னஸ்!” என்பது யாரையும் புண்படுத்தாது.

‘ஓஎம்ஜி’ என்ற சுருக்கம் கைப்பேசித் தலைமுறையின் படைப்பு என்று பலர் நினைக்கிறார்கள். பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி ஃபிஷர் பிரபு 1917இல் வின்ஸ்டன் சர்ச்சிலுக்கு எழுதிய கடிதத்திலேயே அது விளக்கத்தோடு இடம்பெற்றிருக்கிறது.

அலுவலக மின்னஞ்சலில் இவற்றைப் பயன்படுத்தலாமா?

அறிக்கை, விண்ணப்பம், புகார் ஆகியவற்றில் வேண்டாம். அங்கே உணர்ச்சியை முழுச் சொற்களால் சொல்வதே மரியாதை: “ஐ வாஸ் டிலைட்டட் டு ஹியர்”, “வி ரிக்ரெட் த டிலே.” நாள்தோறும் கடிதம் பரிமாறும் சக ஊழியருக்கு “ஊப்ஸ், ஐ ஃபர்காட் த அட்டாச்மென்ட்” என்று எழுதுவது இயல்பானது, இணைப்பை மறந்ததும் சிறு தவறுதான் என்பதால். வாடிக்கையாளரின் பணம் தவறான கணக்குக்குப் போயிருந்தால் அதே ‘ஊப்ஸ்’ பொறுக்க முடியாததாகிவிடும். கோப்பையைப் பற்றிச் சொன்ன இடத்தில் உள்ள எச்சரிக்கை இங்கேயும் பொருந்தும்.

உயிரெழுத்தே இல்லாத சொற்களை எப்படி வாசிப்பது? ‘அஹ-ஹ’, ‘அ-அ’ இரண்டும் எனக்கு ஒன்றாகவே கேட்கின்றன.

‘ஷ்ஷ்’, ‘ப்ஸ்ஸ்ட்’, ‘ஹ்ம்ம்’ ஆகியவற்றை எழுதியபடியே ஒலிக்கலாம். கடினமானது ‘டி-எஸ்-கே’ என்று மூன்று மெய்யெழுத்துகளால் எழுதப்படுவது. அதை ‘டிஸ்க்’ என்று வாசிப்பதும் உண்டு. ஆனால் அது குறிப்பது, நாக்கு நுனியை மேற்பல்லின் பின்னால் ஒட்டி உறிஞ்சி விடுவிக்கும் ‘த்ச்சு’ ஒலியை. இருமுறை சொன்னால் பெரும்பாலும் கண்டிப்பு, சில நேரம் பரிவு.

‘அஹ-ஹ’வில் நடுவே மூச்சொலி இருக்கிறது, குரல் கடைசியில் ஏறுகிறது: ‘ஆம்’. ‘அ-அ’வில் தொண்டை நடுவே ஒருமுறை அடைத்துத் திறக்கிறது, குரல் இறங்குகிறது: ‘இல்லை’. தொலைபேசியில் ஐயம் வந்தால் “வாஸ் தட் எ யெஸ்?” என்று கேட்டுவிடுங்கள்.

புரியாதபோது ‘ஹ?’ என்று கேட்கலாமா?

நண்பரிடம் கேட்கலாம். மொழியியலாளர் மார்க் டிங்கமான்சேயும் உடன் ஆய்வாளர்களும் 2013இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒன்றோடொன்று தொடர்பில்லாத பல மொழிகளிலும் இதற்கு ஏறத்தாழ இதே ஒலியுள்ள சொல் இருக்கிறது. இருப்பினும், மேலதிகாரியிடமோ நேர்முகத் தேர்விலோ “ஸாரி?” அல்லது “பார்டன்?” என்று குரலை உயர்த்திக் கேட்பதே பண்பு.

“ஹி வாவ்ட் த ஜட்ஜஸ்” என்று படித்தேன். வியப்பிடைச்சொல்லுக்கு இறந்தகாலம் உண்டா?

இல்லை, அங்கே ‘வாவ்’ வினைச்சொல்லாகிவிட்டது. எழுவாயும் செயப்படுபொருளும் அதனோடு பிணைந்திருக்கின்றன. எடுத்துவிட்டால் வாக்கியம் சரிந்துவிடும். “த ஊஸ் அண்ட் ஆஸ் ஆஃப் த க்ரவுட்” என்பதில் வியப்பொலிகள் பன்மை ஏற்றுப் பெயர்ச்சொல்லாகியிருக்கின்றன. ஒரு சொல் எந்த வகை என்பதை அந்த வாக்கியத்தில் அது செய்யும் வேலையை வைத்தே முடிவு செய்ய வேண்டும்.

ஒருவர் ஒரு பெண்ணிடம் “பாய், இட்ஸ் ஹாட்!” என்றார். பெண்ணை எப்படி அப்படி அழைக்கலாம்?

அவர் யாரையும் அழைக்கவில்லை. அமெரிக்க ஆங்கிலத்தில் ‘பாய்’, ‘மேன்’ இரண்டும் வியப்பிடைச்சொற்களாகவும் வழங்குகின்றன, “அப்பப்பா, என்ன வெயில்!” என்பதுதான் அங்கே கருத்து. எதிரில் இருப்பவர் ஆணா பெண்ணா என்பதோடு அதற்குத் தொடர்பில்லை. வேறுபாடு குரலில் தெரியும்: உணர்ச்சிச் சொல்லானால் ‘பாய்’ நீண்டு அழுத்தம் பெற்று, மீதி வாக்கியத்தோடு ஒரே மூச்சில் ஓடும். விளியானால் குட்டையாக ஒலித்து, பின்னால் சிறு இடைவெளி விடும். ஆயினும் நீங்களே பயன்படுத்தும்போது இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். வளர்ந்த ஆண்களை, குறிப்பாகக் கறுப்பினத்தவரை, ‘பாய்’ என்று விளித்து இழிவுபடுத்திய வரலாறு அமெரிக்காவுக்கு உண்டு. ஆகவே தொனி கைவரும்வரை “வாவ், இட்ஸ் ஹாட்!” என்றே சொல்லுங்கள்.